நீர்மேல் மாளிகை

கோலியர்ஸ் வுட்டில் உள்ள சந்திரவதனாவின் சமையலறைக்குள் அன்றும் பிற்பகல் ஒரு மணிக்குக் கடல் வந்து சேர்ந்தது. வெளியே மாசி மாதத்து மழை சன்னலை நனைத்துக்கொண்டிருக்க, கைப்பேசியின் சிறு திரையில் மாலைதீவின் அந்தி பொன்னாய் உருகிக் கிடந்தது. அங்கே அப்போது மணி ஆறு.

மகள் ஜதுர்ஷிகா, திருமணம் முடிந்த ஐந்தாம் நாள், கணவன் கிருசாந்தனோடு அங்கே போயிருந்தாள். தீவு முழுவதும் ஒரே விடுதி. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் கடைக்கோடியில், தூண்களின்மேல் நின்ற வில்லா ஒன்று பத்து நாளைக்கு அவர்களுடையது. படுக்கையிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் நீச்சல் குளம். குளத்தைத் தாண்டினால் படிகள். படிகளுக்குக் கீழே ஆழம் தெரியாத நீலம். இவையெல்லாவற்றையும் கிருசாந்தன் புறப்படுமுன்னரே படங்களாக உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தாயும் மகளும் சேர்ந்து ஒரு பதிகம் பாடுவது அந்த வீட்டின் வழமை. ஜது மஞ்செஸ்ரரில் படித்த காலத்திலும் அது நின்றதில்லை, தொலைபேசியில் தொடர்ந்தது. ஞாயிறு முதல் சனி வரை நாளுக்கு ஒன்றாய் ஏழு பதிகங்கள், என்றும் மாறாத வரிசை. தீவிலும் அந்திக்கு விளக்கு உண்டுதானே என்று, மகள் நான்கு நாளாக இந்த நேரத்துக்கே அழைத்தாள்.

அன்று வியாழக்கிழமை. குருவாரத்துக்கு உரிய பதிகத்தை எடுக்கச் சந்திரவதனா தொண்டையைச் செருமினாள். ஆனால் மகள் முந்திக்கொண்டு வேறொன்றைத் தொடங்கினாள்.

முதலடி காதில் விழுந்ததும் தாய் கைப்பேசியை முகத்தருகே இழுத்தாள். கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளப்பட்ட அடியவர், அந்தக் கல்லே தெப்பமாக மிதக்கப் பாடியது அது. தொண்ணூற்றாறில் பத்மநாதனை இராணுவம் பிடித்துக்கொண்டு போய் நாற்பத்தொரு நாள் வைத்திருந்தபோது, சந்திரவதனா அதைக் காலையும் மாலையும் பாடினாள். கணவன் உயிரோடு திரும்பிய அன்று அதை நிறுத்தினாள். இடர் வந்தவர் பாடுவதை மங்கலமுள்ள வீட்டில் பாடலாகாது என்பது அவள் விதித்த விதி. கழுத்தில் புதுத்தாலி ஏறிய பெண் முதல் மாதத்தில் அதை வாயால் எடுக்கவே மாட்டாள். இது ஜதுவுக்குத் தன் பெயரைப்போலத் தெரியும்.

திரையில் மகளின் கூந்தல் நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. உதடுகள் பாடின, கண்கள் பாடவில்லை. அவை தாயின் முகத்தை விட்டு அகலாமல் நின்றன.

மகளுக்குப் பின்னால் துவாயைத் தோளில் போட்டபடி கிருசாந்தன் வந்தான். "இண்டைக்கும் கச்சேரியோ மாமி? ரிக்கெற் போட்டா நான் பணக்காரனாயிடுவன்," என்று சிரித்தான். இங்கே ஸ்ட்ரெதத்தில் வளர்ந்த பிள்ளை. கோயில் என்றால் அவனுக்கு அன்னதான வரிசைதான். எந்தப் பாட்டு எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

தான் வாயடைத்து நின்றால் அவன் கண்டுகொள்வான் என்ற நினைவு எங்கிருந்தோ வந்து சந்திரவதனாவை உந்தியது. அவள் இரண்டாம் அடியைப் பிடித்தாள். குரல் நடுங்காமல் இருக்க சமையல் மேடையின் விளிம்பை ஒரு கையால் இறுக்கிக்கொண்டாள். இருவரும் கடைசிப் பாட்டுவரை பாடினார்கள். முடிந்ததும் அவன் மகளின் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தான்.

"சரி மாமி, சூரியன் விழுகுது. போட்டோ எடுக்கவேணும். பாய்!"

கடல் அணைந்தது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பத்மநாதன் வரவேற்பறையில் முழங்காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். தபால் நிலைய வேலைக்கு அன்று விடுப்பு. மனைவி சொன்னதைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை வேற பதிகம் பாடினவள் எண்டதுக்கு நான் பொலிசைக் கூப்பிடவோ? என்னெண்டு சொல்லுறது? சேர், கிழமை மாறிப்போச்சு எண்டோ?"

"பகிடி விடாதேங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது."

"சந்திரா, புதுசாக் கலியாணம் கட்டினதுகள். நீ இப்ப மருமோனுக்குப் போன் எடுத்து ஏதும் கேட்டியெண்டா, அவர் அதைச் சொல்லிக்காட்டுறதை வாழ்நாள் முழுக்க எங்கட பிள்ளை கேக்கவேண்டி வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவே அவளை மேலும் அச்சுறுத்தியது. தவறாக எண்ணியிருந்தால், மகளின் வாழ்வில் தானே கல்லெறிந்தவளாவாள். சரியாக எண்ணியிருந்தால், இன்னும் ஆறு நாள். நாலு புறமும் தண்ணீர். எண்ண எண்ண, நான்கு நாளாக வந்த செய்திகளெல்லாம் ஒவ்வொன்றாய் முன்னே வந்து நின்றன. ஜது எப்போதும் தமிழும் ஆங்கிலமும் கலந்து, புள்ளியே இல்லாமல் எழுதுவாள். இவையோ சீரான ஆங்கிலத்தில், ஒவ்வொரு வசனமும் புள்ளியோடு முடிந்திருந்தன.

கிருசாந்தன் பெருமையோடு அனுப்பிய முன்பதிவுத் தாளில் விடுதியின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அவள் அதை அழுத்தினாள்.

இனிய ஆங்கிலத்தில் ஓர் இளைஞனின் குரல் வரவேற்றது. சந்திரவதனா தன் ஆங்கிலத்தைத் திரட்டி, முப்பத்தோராம் இலக்க வில்லாவில் இருக்கும் பெண்ணின் தாய் பேசுவதாகச் சொன்னாள். மறுமுனையில் மொழி மாறியது.

"அன்ரி, நீங்கள் தமிழோ?"

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. "ஓம் தம்பி. நீர்?"

"நான் றொஜன். மன்னார். இஞ்ச ரிசெப்சனில வேலை."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பதிகத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நாணினாள். மன்னார் என்றால் சிலுவை அணிந்த பிள்ளையாக இருக்கும், இதை எங்ஙனம் விளங்கிக்கொள்ளப் போகிறது என்று எண்ணினாள். அவனோ இடைமறிக்காமல் கேட்டான்.

"எங்கட வீட்டிலயும் சாவுக்கு மட்டும் பாடுற பாட்டு இருக்கு அன்ரி. அதைக் கலியாணத்தில பாடினா அம்மா அடிப்பா," என்றான். பிறகு குரல் தாழ்ந்தது. "விருந்தாளியளின்ர விசயம் வெளியில சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனா ஒண்டு கேளுங்கோ. மூண்டு நாளா அந்த வில்லாவை துப்பரவாக்க விடேல்லை. சாப்பாடெல்லாம் வாசலில வைச்சிட்டுப் போகச் சொல்லி. மற்றச் சோடியள் எல்லாம் ஒருக்காவாவது பாலத்தால நடந்து வந்திருக்கினம். அக்கா வரேல்லை."

சந்திரவதனா கதிரையில் அமர்ந்தாள்.

"பயப்பிடாதேங்கோ. இப்பிடியான நேரத்துக்கு இஞ்ச ஒரு முறை இருக்கு. தேனிலவுக்கு வாறவையில பொம்பிளைக்கு ஒரு மசாஜ் இலவசம். அந்தப் பகுதிக்குள்ள ஆம்பிளையள் வர ஏலாது, புருசனும் ஏலாது. அங்க பொறுப்பா இருக்கிற மிஸ் தனியாக் கதைச்சுப் பார்ப்பா. அக்கா ஒண்டுமில்லை எண்டு சொன்னா, மசாஜ் செய்துபோட்டு அனுப்பிவிடுவம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியவராது."

"பிரச்சினை எண்டு சொன்னா?"

"ஏழரைக்கு வேலையாக்களின்ர படகு பக்கத்துத் தீவுக்குப் போகும். அங்கயிருந்து மாலேக்குப் பிளேன் இருக்கு."

சுவரில் மணி ஒன்று இருபத்தைந்து. அதன்பின் அந்தக் கடிகாரத்தின் முள் நகர்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. பூசையறையில் நின்றாள், எந்தப் பதிகமும் நாவில் வரவில்லை. வாழ்நாளெல்லாம் வாய்நிறையச் சுமந்த சொற்கள் அத்தனையும் அந்தப் பொழுதில் கைவிட்டுப் போயின. "அப்பனே, அப்பனே," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி ஐந்துக்கு, தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா," என்றாள் ஜது. "விளங்கினதோ?"

"விளங்கினது என்ர செல்லம். சொல்லு."

மகள் அழவில்லை, அதுதான் கொடுமையாக இருந்தது. தேர்வு முடிவை ஒப்புவிப்பவள்போலச் சொன்னாள். "குளத்துக்குள்ள என்ர தலையைப் பிடிச்சு அமத்துறார், அம்மா. விளையாட்டாம். மேலயிருந்து சத்தமா எண்ணுவார். முதல் நாள் பத்து. நேற்று முப்பத்தெட்டு. நாளைக்குக் கடலுக்க, படியில வைச்சு அறுபதாம். போன், பாஸ்போட் எல்லாம் அவரிட்டத்தான்."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த பத்மநாதனின் கையிலிருந்து ஒத்தடப் பை நழுவி விழுந்தது. அவர் எழுந்தார், மறுபடி அமர்ந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒருநாளும் அந்த நாற்பத்தொரு நாளைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

"அங்கையும் எண்ணினவங்கள்," என்றார், யாரையும் பாராமல்.

"அம்மா, எண்ணூறு பேர் வந்த கலியாணம்," என்றாள் ஜது.

"எண்ணூறு பேரும் உன்னோட தண்ணிக்குள்ள நிண்டவையோ? படகில ஏறு."

"பாஸ்போட்..."

"பாஸ்போட் கிடக்கட்டும். மாலேயில எங்கட தூதரக ஆக்கள் இருக்கினம், வேற ஒண்டு தருவினம். உடுத்த உடுப்போட ஏறு."

படகு புறப்பட இன்னும் இருபது நிமிடம். அழைப்பு அறுந்து ஏழு நிமிடமாகுமுன் கைப்பேசி மீண்டும் அலறியது. திரையில் மகளின் பெயர் இருந்தது; ஆனால் அந்தக் கைப்பேசி யாரிடம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பத்மநாதனை அறையின் மூலைக்குத் தள்ளினாள். பொத்தானைத் தொட்டாள்.

கிருசாந்தனின் முகம் திரையை நிறைத்தது. குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். அழகன்தான். பெண்பார்க்க வந்த அன்று அவளே அப்படிச் சொன்னவள்.

"மாமி, உங்கட மகள் மசாஜுக்குப் போய் அரை மணித்தியாலமாச்சு. உங்களோட ஏதும் கதைச்சவளோ?"

பொய் பேசாத நாக்கு என்று கோயிலில் பெயரெடுத்த நாக்கு அது. "இல்லையே தம்பி," என்றாள். "போன் உங்களிட்டையெல்லோ இருக்கு."

"ஓம், ஓம்." அவன் கண்கள் ஒரு கணம் குறுகின. "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் கதவுப் பக்கம் திரும்புவதை அவள் கண்டாள். பாலத்தால் நடந்தால் கரைக்கு ஐந்து நிமிடம்.

"தம்பி, ஒரு நிமிசம்!" சிரிப்பைத் தன் முகத்தில் எப்படி வரவழைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. "வீட்டை வடிவா ஒருக்காக் காட்டுங்கோவன். இவள் எந்த நாளும் தன்ர முகத்தைத்தான் காட்டுறாள். ஊரிலயிருந்து மச்சாள் கனகவல்லி கேட்டுக்கொண்டே இருக்கிறா, மருமோன் எப்பிடியான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவன் நின்றான். தான் வாங்கியதைப் பிறர் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவனுடைய நடையையே மாற்றிவிடும் என்பதைத் திருமண நாட்களில் அவள் கவனித்திருந்தாள். அவன் கைப்பேசியைத் திருப்பினான்.

முதலில் கட்டில். கூரையிலிருந்து தொங்கும் வெண்துகில். மெத்தைமேல் செம்மலர் இதழ்கள் வாடிக் கிடந்தன. பிறகு இரும்புப் பெட்டி. "பாஸ்போட் ரெண்டும் இதுக்குள்ள. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்." பிறகு இருவர் நீட்டிப் படுக்கக்கூடிய குளியல் தொட்டி. பிறகு தரையில் பதித்த கண்ணாடி. அதன் கீழே விளக்கொளியில் பாம்புபோல் நெளிந்த கரும்பச்சைத் தண்ணீர்.

"கண்ணாடிக்கு மேல நிண்டா விழமாட்டினமோ?" என்று கேட்டாள்.

"ஜதுவும் இப்பிடித்தான் கேட்டவள். சரியான பயந்தாங்கொள்ளி. நான் பழக்கிக்கொண்டு வாறன்."

அவள் தலையை ஆட்டினாள். "ஓமோம். நல்லாப் பழக்குங்கோ."

சுவரில் இரண்டு இருபத்தாறு.

அவன் வெளியே வந்தான். குளம் நீலமாய் ஒளிர்ந்தது. விளிம்பில் மகளின் தலைமயிர்ப் பட்டி ஒன்று ஈரத்தோடு கிடந்தது. சந்திரவதனா பார்வையை அதிலிருந்து பிடுங்கினாள். அவன் படிகளைக் காட்டினான். ஒவ்வொன்றாய் இறங்கி ஐந்தாம் படியில் நின்றான். "இஞ்ச ஆழம் மாமி. கால் முட்டாது." பிறகு ஏறிவந்து கரைப் பக்கம் கைப்பேசியைத் திருப்பினான். இருட்டில் மரப்பாலத்தின் விளக்குகள் மாலையாய்த் தெரிந்தன. அவற்றின் முடிவில், இறங்குதுறையில், ஒரு படகின் விளக்கு அசைந்தது. ஏதோ வெண்மையாய் ஒரு சிறு உருவம் அதன் அருகே.

"தம்பி!" குரல் கிறீச்சிட்டுவிட்டது. அவள் அதை உடனே தணித்தாள். "எனக்கு அந்தக் கண்ணாடித் தரையை இன்னொருக்காக் காட்டுங்கோ. மீன் தெரியுமோ எண்டு மாமா கேக்கிறார்."

திரை திரும்பாமல் நின்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"மாமா பக்கத்திலயோ நிக்கிறார்?"

பத்மநாதன் நொண்டிக்கொண்டு மூலையிலிருந்து வந்து மனைவியின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினார். "ஓம் மருமோன்," என்றார். "சுறாவும் வருமோ அதுக்குள்ள? குட்டிச் சுறா இருக்குதாம் எண்டு ரீவியில பார்த்தனான்." அவருடைய ஒரு கை சந்திரவதனாவின் முதுகில் இருந்தது. அது அவள் சேலையை இறுகப் பற்றியிருந்தது. குரல் மட்டும் இயல்பாய் வந்தது.

"வரும் மாமா. வாங்கோ காட்டுறன்."

அவன் உள்ளே போனான். கண்ணாடியருகே குந்தினான். மூன்று நிமிடம் அந்தத் தண்ணீரையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மீன் வந்தது. பத்மநாதன் அதன் நிறத்தை வியந்தார். இன்னொன்று வந்தது. அதையும் வியந்தார். அப்போது தொலைவிலே இயந்திரம் ஒன்று இருமி, உறுமி, மெல்ல மெல்லத் தேய்ந்து போகும் ஓசை கேட்டது.

கிருசாந்தன் தலையைத் தூக்கினான். எழுந்து வெளியே போகவில்லை. கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி, நெடுநேரம் அவர்களைப் பார்த்தான். பிறகு புன்னகைத்தான்.

"நீங்கள் கெட்டிக்காரி மாமி."

சந்திரவதனா முகத்திலிருந்து சிரிப்பை இறக்கினாள்.

"பரவாயில்லை. எங்க போவாள்? உங்களிட்டைத்தானே வருவாள். கலியாணத் தட்டுகள் ஏத்த எண்டு நீங்கள் தந்த வீட்டுத் திறப்பு இன்னும் எங்களிட்டத்தான் இருக்கு, தெரியுமோ? தம்பி சுஜீத் வைச்சிருக்கிறான். ஸ்ட்ரெதம் உங்களுக்குப் பக்கம்தானே. இருங்கோ, நான் அவனோட ஒருக்காக் கதைக்கிறன்."

திரை இருண்டது.

சந்திரவதனா பொலிசுக்கு அழைத்தாள். மறுமுனைப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மாலைக்குள் அதிகாரி ஒருவர் வருவார், அதுவரை கதவைப் பூட்டியே வைத்திருங்கள் என்றாள். கதவைப் பூட்டலாம், ஆனால் அதைத் திறக்கும் இன்னொரு திறப்பு ஸ்ட்ரெதத்தில் இருந்தது. பத்மநாதன் மழையங்கியை மாட்டிக்கொண்டு, முழங்கால் வலியை மறந்தவராய்ப் பெருந்தெருவிலிருந்த இரும்புக்கடைக்குப் போனார். அவர் போய்வந்த இருபது நிமிடமும் அவள் கதவின் பின்னால், சப்பாத்துத் தட்டை அதற்கு அண்டக் கொடுத்து, அதன்மேல் அமர்ந்திருந்தாள். அங்கேதான் றொஜனின் செய்தி வந்தது. படகு கரை சேர்ந்துவிட்டது, அக்காவோடு மிஸ்ஸும் போகிறா, எட்டரைக்குப் பிளேன்.

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்தப் பிள்ளை நாளையோ மறுநாளோ இந்த வாசலுக்குத்தான் வரும். வந்து ஏறும் வீடு வீடாக இருக்கவேண்டும்.

பத்மநாதன் வாசலில் மண்டியிட்டுப் பழைய பூட்டைக் கழற்றினார். அது கையோடு வந்தபோது, கதவில் ரூபாக் காசளவு துவாரம் ஒன்று திறந்தது. அதனூடே மழைக்காற்று ஊளையிட்டு உள்ளே வந்தது. தெருவில் போகும் ஒவ்வொரு காரின் ஓசையும் அந்தத் துவாரத்தின் வழியே வீட்டுக்குள் நடந்து வருவதுபோல் இருந்தது. புதுப் பூட்டின் திருகாணி அவர் விரல்களில் நில்லாமல் இருமுறை உருண்டது. சந்திரவதனா குந்தி அதைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"கெதியாப் பூட்டுங்கோ."

"பூட்டுறன். நீ வெளிச்சத்தைப் பிடி."

கடைசித் திருகாணி இறுகியது. புதுத் திறப்பைப் போட்டு உள்ளிருந்து பூட்டினார். இருவரும் எழுந்து, எழுந்தபடியே நின்றார்கள். ஏனென்றால் வெளியே ஒரு கார் நின்றுவிட்டது. அதன் கதவு அடிபட்டது. சரளைக் கல்லில் காலடிகள் அவசரமின்றி வந்தன.

மணி அடிக்கவில்லை. தட்டவுமில்லை. பூட்டுக்குள் ஏதோ நுழைந்து சுரண்டியது. சுழலப் பார்த்தது, சுழலவில்லை. வெளியே போய் மறுபடி நுழைந்தது. திரும்பவில்லை. சந்திரவதனா கணவனின் மணிக்கட்டைப் பற்றினாள்.

கடிதம் போடும் வாயின் பித்தளை மூடி மெல்ல உயர்ந்தது. நான்கு விரல்நுனிகள் தெரிந்தன; அவற்றின் பின்னே சுஜீத்தின் இளங்குரல், வணக்கம் சொல்லும் பணிவோடு.

"அங்கிள், பூட்டு மாத்திப்போட்டியள் போல?"

பத்மநாதன் மனைவியின் கையை மெதுவாக விலக்கினார். முன்னே ஓரடி வைத்து, கதவின் மரத்தில் தம் உள்ளங்கையைப் பதித்தார்.

"ஓம் தம்பி," என்றார். "மாத்தியாச்சு."